பிறருக்கு வந்த அழைப்பைக் கேட்டவர்

கடவுளின் குரல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அது வந்துகொண்டிருப்பதாக அவர் சொல்லும்போது அவருடைய முகம் எப்படி இருக்கும் என்பது மட்டும் நன்றாகத் தெரியும். பேச்சின் நடுவே சட்டென்று நிறுத்துவார். எதிரில் இருப்பவரை நோக்கி ஆள்காட்டி விரலை உயர்த்தி, "ஒரு நிமிஷம்" என்பார். தலை வலப்பக்கம் சாயும். வெளியூர்த் தொலைபேசி வந்தவர்போல இமைகளைச் சுருக்கிக்கொண்டு, தொண்டைக்குள் "ம்... ம்..." என்று இரண்டு முறை ஒப்புதல் தருவார். பிறகு விரலை இறக்கி, "எனக்குச் சொல்லியாச்சு" என்பார்.

சொல்லப்பட்டது எப்போதும் எதிரில் இருப்பவரைப் பற்றியதாகவே இருக்கும். ஒருமுறையேனும் அவரைப் பற்றியதாக இருந்ததில்லை.

ஓசூரில் நாங்கள் குடியிருந்த தெருவில் பாதிப் பேர் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகிறவர்கள். தெலுங்கும் கன்னடமும் ஐந்தாறு மாவட்டத்துத் தமிழும் கலந்து ஒலிக்கும் அந்தத் தெருவில் அவருடைய திருநெல்வேலிப் பேச்சு தனியாகக் கேட்கும். கணவர் ஒரு தொழிற்சாலையில் அதிகாரி. மாடி வைத்த வீடு. அதன் கீழ்க்கூடத்தில் வெள்ளிக்கிழமைதோறும் காலை பத்து மணிக்கு உபவாச ஜெபக் கூட்டம் தொடங்கும். சபை என்று அதற்குப் பெயர் கிடையாது. நிலையான போதகரும் கிடையாது. ஆனாலும் முப்பது பேருக்குக் குறையாமல் வருவார்கள். சிறியவர் பெரியவர் எல்லோருக்கும் அவர் "ஆன்ட்டி".

உபவாசம் என்றால் எங்களுக்குத் தண்ணீர்கூட இல்லை. பதினொன்றரை மணிக்கு அவருக்கு மட்டும் மூடியிட்ட எவர்சில்வர் டம்ளரில் சூடான பால் வரும். "பானம் கணக்குல சேராது" என்பார். மேலுதட்டில் பாலாடை ஒட்டியிருக்க, அதைத் துடைக்காமலே அடுத்த ஜெபத்தைத் தொடங்குவார். அந்தப் பாலாடை அவருடைய சொற்களோடு சேர்ந்து ஏறி இறங்குவதை நான் பார்த்துக்கொண்டிருப்பேன். கண்களை மூடச் சொன்னால் மூடாதவள் நான். பக்திக் குறைவு என்று சொல்ல முடியாது. இருட்டில் அந்தக் கை எப்போது என் தலைமேல் வந்து இறங்கும் என்று தெரியாமல் இருப்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அது ஈரமான கை. தேங்காயெண்ணெயும் பெருங்காயமும் கலந்த வாடை அடிக்கும். எடுத்த பிறகும் உச்சியில் முடி நெடுநேரம் படிந்தே கிடக்கும். வீட்டுக்கு வந்ததும் தலைக்குக் குளிப்பேன்.

அருவருப்பை மட்டும் எழுதினால் அது நேர்மையாகாது. அப்பா இறந்த ஆண்டு எங்களுடைய மத்தூர் உறவினர்கள் மூன்றாம் நாளே ஊர் திரும்பிவிட்டார்கள். ஒரு மாதம், ஒரு நாள் தவறாமல், அடுக்குப் பாத்திரத்தில் இட்லியோடு வந்தவர் அவர்தான். அம்மாவின் தலையை மடியில் கிடத்திக்கொண்டு, ஒரு வசனமும் சொல்லாமல், மதியம் முழுவதும் உட்கார்ந்திருப்பார். கார்களுக்கு வயர்க்கட்டு செய்யும் தொழிற்சாலையில் அக்காவுக்கு ட்ரெயினி வேலை கிடைத்ததும் அவருடைய கணவர் சொன்ன ஒரு வார்த்தையால்தான். இதையெல்லாம் அவர் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. அவர் சொல்லிக்காட்டாததாலேயே அம்மா எந்நேரமும் அதை நினைத்துக்கொண்டிருந்தாள்.

அவர் கேட்டுச் சொன்ன அழைப்புகள் எத்தனையோ. கூட்டத்துக்கு வந்துகொண்டிருந்த லேத் தொழிலாளி ஒருவரிடம் ஒருநாள் விரலை உயர்த்தி, "ஒன்ன ஒரிசாவுக்கு அனுப்புதாரு" என்றார். அந்த மனிதர் போனார். நான்கு மாதத்தில் மஞ்சள் காமாலையோடு, பாதியாகத் திரும்பி வந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு கூடத்துக்குள் நுழைந்தவரைப் பார்த்து ஆன்ட்டி உரக்கச் சிரித்தார். "வாரும் யோனா, வாரும். மீனு எங்க கொண்டாந்து கக்கிச்சு?"

கூட்டம் முழுவதும் சிரித்தது. அவரும் சிரிக்க முயன்றார். கடவுள் அனுப்பிய ஊருக்குப் போகாமல் ஓடி, மீன் விழுங்கிக் கரையில் கக்கிய வேதாகமத் தீர்க்கதரிசி யோனா; அதன்பின் அவருக்கு அதுவே பெயராயிற்று. தெருவில் மற்ற மதத்துக்காரர்கள்கூட, அது அவருடைய சொந்தப் பெயர் என்று எண்ணி, "யோனாண்ணா" என்று அழைத்தார்கள். அழைப்புக்குக் கீழ்ப்படியாமல் திரும்பி வந்தால் என்னவாகும் என்பதை அந்தப் பெயர் எங்கள் எல்லோருக்கும் தினமும் நினைவூட்டிக்கொண்டிருந்தது.

நான் அப்போது கிருஷ்ணகிரியில் ஒரு கல்லூரியில் தமிழ் இலக்கியம் படித்துக்கொண்டிருந்தேன். கோடை விடுமுறை தொடங்கியிருந்தது. அக்காவுக்கு அந்த வாரம் இரண்டாம் ஷிப்ட். ஒன்றேகால் மணிக்குக் கம்பெனி பஸ் எங்கள் தெருமுனைக்கு வந்து இரண்டு முறை ஹாரன் அடிக்கும். அரை நிமிடத்துக்கு மேல் நிற்காது. வெள்ளிக்கிழமை கூட்டம் ஒரு மணிக்கு முடிந்துவிடும் என்ற நம்பிக்கையில், நீலச் சீருடையோடு, சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அக்கா கதவோரம் உட்கார்ந்திருந்தாள். அன்றைக்குச் சேலத்திலிருந்து ஒரு போதகர் வந்திருந்தார். ஒரு மணிக்கு அவர் முடிக்கவில்லை. ஒன்று பத்துக்கும் முடிக்கவில்லை.

"எல்லாரும் கண்ண மூடிக்குங்க. ஊழியத்துக்கு வான்னு கர்த்தர் கூப்பிடற சத்தம் யாருக்குக் கேட்குதோ, அவங்க மட்டும் எழுந்து நில்லுங்க."

தெருமுனையில் ஹாரன் இரண்டு முறை அடித்தது. அக்கா எழுந்தாள்.

அக்காவைத் தவிர்த்தால், அந்தக் கூடத்தில் அப்போது திறந்திருந்தவை நான்கு கண்கள். இரண்டு என்னுடையவை. இரண்டு அவருடையவை. அவர் அக்காவைப் பார்த்தார். சீருடையைப் பார்த்தார். கதவின் தாழை நோக்கி நீண்டிருந்த அவளுடைய கையைப் பார்த்தார். பிறகு எழுந்து, பாயில் சத்தமெழாமல் நடந்து போய், அவள் தோளிலிருந்து சாப்பாட்டுப் பையைக் கழற்றிப் பூனையை இறக்கி விடுவதுபோல மெதுவாகத் தரையில் வைத்தார். அதன்பிறகுதான் தலைமேல் கையை வைத்தார்.

"ஒரு நிமிஷம்..." என்றார். தலை சாய்ந்தது. "எனக்குச் சொல்லியாச்சு. இந்தப் பிள்ளைய கர்த்தர் மலைக்குக் கூப்பிடுதாரு. நாட்றாம்பாளையத்துக்கு."

நாட்றாம்பாளையத்தில் அவருக்குத் தெரிந்தவர்கள் நடத்திய பிள்ளைகள் விடுதிக்கு ஆறு மாதமாகச் சமைக்கவும் பார்த்துக்கொள்ளவும் ஆள் கிடைக்கவில்லை என்பது கூட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்த செய்தி.

"ஸ்தோத்திரம்" என்று கூடம் அதிர்ந்தது. அம்மா கண்ணைத் திறந்தாள். நின்றுகொண்டிருந்தது தன் மகள் என்று கண்டதும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அப்பா போனபின் அவள் மகிழ்ச்சியால் அழுது நான் பார்த்தது அன்றுதான். அக்கா வாயைத் திறந்தாள். முப்பது பேர் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திறந்த வாயை மூடிக்கொண்டாள். இரண்டு ஆண்டுகளில் அவள் ஒருநாள்கூட வேலைக்குப் போகாமல் இருந்ததில்லை.

வீட்டுக்கு வந்ததும் சீருடையைக் கழற்றி மடித்தபடி என்னிடம், "பஸ் போயிடுச்சுடி" என்றாள்.

கம்பெனிக்கு ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுப் போகும்படி ஆன்ட்டி சொல்லியிருந்தார். "பாதி மனசோட போவப்படாது, பிள்ளே." அக்கா சரி என்று தலையாட்டிவிட்டு, சம்பளமில்லா விடுப்புக்கு எழுதிக் கொடுத்தாள். அந்த ஒரு சிறிய கீழ்ப்படியாமையே பின்னால் அவளைக் காப்பாற்றியது. அவள் சம்பளம் நின்றதும் அம்மா தேன்கனிக்கோட்டைச் சாலையில் இருந்த ரோஜாப் பண்ணையின் பிளாஸ்டிக் கூரையிட்ட பாலிஹவுஸுக்கு வேலைக்குப் போகத் தொடங்கினாள். ஏற்றுமதிக்குப் போகும் ரோஜாக்களை நீளவாரியாகப் பிரித்து, முள் நீக்கிக் கட்ட வேண்டும். சாயங்காலம் அவள் சோறு பிசையும்போது குழம்பு பட்டு, முள் கிழித்த விரல்கள் எரியும். ஸ்பூனால் சாப்பிடப் பழகிக்கொண்டாள். "வெள்ளக்காரி மாதிரி இருக்கறனாடி?" என்று என்னைக் கேட்டுச் சிரித்தாள்.

ஐந்தாவது வாரம், செவ்வாய்க்கிழமை, கம்பெனியிலிருந்து பதிவுத் தபால் வந்தது. அக்காவின் பயிற்சிக்காலம் முடிந்துவிட்டது, வருகிற திங்கட்கிழமைக்குள் நேரில் வந்தால் நிரந்தரப் பணி, வராவிட்டால் பெயர் நீக்கப்படும். தெளிவான கடிதம். நான் இரண்டு முறை படித்துக் காட்டினேன்.

"ஆன்ட்டிய ஒரு வார்த்த கேட்டுக்கலாம்" என்றாள் அம்மா.

"அக்கா பேருக்கு வந்த லெட்டரும்மா."

"தெரியுதுடி. இருந்தாலும் அவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

ஆன்ட்டி அதை இரண்டு விரல்களால் ஓரத்தில் பிடித்து வாங்கினார். "பிசாசு தபால்லயும் வருவான்" என்றார். படித்து முடித்துத் தமது வேதாகமத்துக்குள் செருகிக்கொண்டார். "நான் ஜெபத்துல வச்சுக்கிடுதேன். மலையில அந்தப் பிள்ளைக்கு ஒண்ணும் தெரிய வேண்டாம். மனசு அலையும்."

புதனன்று அம்மா போய்க் கேட்டாள். "இன்னும் சொல்லல" என்றார். வியாழனன்றும் "இன்னும் சொல்லல." மற்றவர்களுடைய வாழ்க்கையைப் பற்றி அரை நிமிடத்தில் பதில் பெற்றுவந்தவருக்கு அந்த மூன்று நாளும் இணைப்புக் கிடைக்கவில்லை.

அந்த நாட்களில் நான் வேதாகமத்தில் ஒரே அதிகாரத்தைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். சாமுவேல் என்ற பிள்ளையைக் கடவுள் பெயர் சொல்லி அழைக்கும் பகுதி. ஞாயிறு வகுப்பில் அதைச் சாமுவேலின் கதையாகவே கற்றிருந்தேன். இம்முறை என் கண் ஏலியின்மேல் நின்றது. முதிய ஆசாரியர். ஆலயம் அவருடைய பொறுப்பில் இருக்கிறது. அப்படியும் அந்தக் குரல் அவருக்குக் கேட்கவில்லை. கேட்டதாக அவர் காட்டிக்கொள்ளவும் இல்லை. சத்தம் கேட்டுத் தம்மிடம் ஓடிவரும் பிள்ளையிடம், நான் கூப்பிடவில்லை, போய்ப் படுத்துக்கொள் என்கிறார். அழைப்பது யார் என்று உணர்ந்தபின், என்ன பதில் சொல்ல வேண்டும் என்பதை மட்டும் கற்றுக்கொடுத்து விலகிக்கொள்கிறார். விடிந்ததும் அவர் கேட்பது ஒரே கேள்விதான்: உனக்கு என்ன சொல்லப்பட்டது? வந்திருந்த செய்தி அவருடைய குடும்பத்துக்கே எதிரானது. பிள்ளை சொல்ல அஞ்சுகிறான். மறைக்காதே என்று வற்புறுத்திக் கேட்டு, தலை குனிந்து ஏற்றுக்கொள்கிறார். கீழ்ப்படிதலை அந்த அதிகாரத்தில் நான் கற்றது அவரிடம்தான். ஆன்ட்டியோ, தாம் எழுப்பி நிறுத்திய ஒருவரிடமும் 'உனக்கு என்ன கேட்டது?' என்று கேட்டதில்லை. கேட்டிருந்தால் அக்கா உண்மையைச் சொல்லியிருப்பாள். 'கம்பெனி பஸ், ஆன்ட்டி.'

வெள்ளிக்கிழமை அதே சேலத்துப் போதகர் வந்திருந்தார். ஆன்ட்டியின் ஒரே மகளும் வந்திருந்தாள். பெங்களூரில் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் சேர்ந்து ஓராண்டு ஆகியிருந்தது. என்னிடம் எப்போதும் அன்பாக இரண்டு சொல் பேசுகிறவள். போதகர் கண்களை மூடச் சொன்னார். சத்தம் கேட்கிறவர்கள் எழுந்து நிற்கலாம் என்றார்.

தெருவில் ஓசையே இல்லை. அவள் எழுந்தாள். இரண்டு கைகளாலும் துப்பட்டாவைப் பற்றிக்கொண்டு, கன்னமெல்லாம் நனைய, நிமிர்ந்து நின்றாள். போலியில்லாத ஒன்றை அந்தக் கூடத்தில் நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

ஆன்ட்டி கண்ணைத் திறந்தார். விரல் உயரவில்லை. தலை சாயவில்லை. பாய் சரசரக்க எழுந்து போய் மகளின் முழங்கையைப் பிடித்தார். கண்ணைத் திறந்த போதகரைப் பார்த்துச் சிரித்தபடி, "ஒண்ணுமில்ல அய்யா, இவ பெங்களூர் பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு எந்திரிச்சிருக்கா. நீங்க நடத்துங்க" என்றார்.

ஒருவர் பஸ்ஸுக்காகவும் எழுந்து நிற்கலாம் என்பது அவருக்குத் தெரிந்தே இருந்தது.

மகளை இழுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார். சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த எனக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

"என்னட்டி கேட்டுச்சு ஒனக்கு? சொல்லு. என்ன கேட்டுச்சு?"

அந்தக் கேள்வியை அவர் அறிந்திருந்தார். அதைத் தம் மகளுக்காக மட்டும் வைத்திருந்தார்.

"அந்த விடுதிக்குப் போகணும்னு தோணுதும்மா. ஒரு வருஷமாவே தோணுது."

"தோணும், தோணும். ஒங்கிட்ட நேரா வந்து சொல்லுவாரோ? எங்கிட்டல்லா மொதல்ல சொல்லணும்? எனக்கு ஒண்ணும் சொல்லலயே!"

"கூட்டத்துக்கு நேத்து வந்த பிள்ளைங்கள எல்லாம் அனுப்புறியேம்மா..."

"அதுக வேற. மொகத்தக் கழுவு. கஞ்சிய எறக்கணும்."

'அதுக' என்ற சொல்லுக்குள் அக்கா இருந்தாள், லேத் தொழிலாளி இருந்தார், தலையில் எண்ணெய்க் கை பதிந்த நாங்கள் எல்லோரும் இருந்தோம். நான் எழுந்தேன். அவருடைய நாற்காலியில் வேதாகமம் இருந்தது. அதைத் திறந்து கடிதத்தை எடுத்தேன். கேளாமல் இன்னொருவர் பொருளைத் தொட்டது வாழ்வில் அதுவே முதல்முறை.

அவர் சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். "என்னட்டி எடுக்க?"

"அக்காவோட லெட்டருங்க."

"ஜெபத்துல வச்சிருக்கேம்லா."

"திங்கக்கெழம கடைசி நாளுங்க, ஆன்ட்டி."

"கர்த்தருக்குத் தேதி கெடையாது, பிள்ளே."

"கம்பெனிக்கு இருக்குதுங்க."

அவரிடம் நான் பேசிய பேச்சுகளில் மிக நீளமானது அதுதான்.

மறுநாள் காலை தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி வழியாக மலைக்குப் போனேன். அங்கே செல்போனுக்கு சிக்னல் கிடையாது. நேரில்தான் போக வேண்டும். விடுதி என்பது இரண்டு அறைகளும் ஓர் ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகையும்தான். அக்கா வெயிலில் உட்கார்ந்து ஒரு சிறுமியின் தலையில் பேன் பார்த்துக்கொண்டிருந்தாள். இளைத்திருந்தாள்.

"என்னாத்துக்குடி வந்த? அம்மாவுக்கு ஏதாவதா?"

கடிதத்தைக் கொடுத்தேன். இரண்டு முறை படித்தாள். தேதியைப் பார்த்தாள். எழுந்துபோய், இருபத்திரண்டு பிள்ளைகளுக்கும் மதியக் கஞ்சி ஊற்றினாள். தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்தாள். பிறகுதான் பையை எடுத்தாள். விடுதிக்காரர் தடுக்கவில்லை. "வேற யாரயாவது அனுப்பச் சொல்லும்மா. இஷ்டப்பட்டு வர்றவங்களா" என்றார். பேன் பார்க்கப்பட்ட சிறுமி மட்டும் அவள் சேலையைப் பற்றிக்கொண்டு, "ஹோக்பேடி, அக்கா" என்றாள். போகாதே என்பதற்கு அங்கே அதுதான் சொல். அக்கா அந்த விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்தாள்.

பஸ் மலையிறங்கும்போது, ஆன்ட்டியின் மகள் எழுந்து நின்றதையும் அவர் சொன்னதையும் நான் விவரித்தேன். கேட்டுக்கொண்டு சன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

"அன்னிக்கு நான் என்னாத்துக்கு எழுந்தேன்னு உனக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"நீதான் கண்ண மூட மாட்டியே. பாத்துட்டு இருந்திருப்ப."

"பாத்தேன்."

"அப்புறம் ஏண்டி சொல்லல?"

'நீயும் சொல்லவில்லையே' என்று திருப்பிக் கேட்டிருக்கலாம். ஆனால் அவள் தலைமேல் ஒரு கை இருந்தது. என் தலைமேல் எதுவும் இல்லை. பேசாமலிருப்பது என் இயல்பு என்றும், அதில் ஒரு கண்ணியம் இருக்கிறது என்றும் அதுவரை எண்ணிவந்தேன்.

திங்களன்று அக்கா வேலையில் சேர்ந்தாள். அடுத்த வெள்ளிக்கிழமை அவளுக்கு முதல் ஷிப்ட். கூட்டத்துக்கு நானும் அம்மாவும் போனோம். அம்மா போனது பயத்தினால். நான் போனது, அவர் முகத்தில் வெட்கம் என்ற ஒன்று எப்படி இருக்கும் என்று பார்ப்பதற்காக. அக்காவுக்கு அவர் சூட்டப்போகும் பெயர் என்னவாக இருந்தாலும், அன்றைக்கு எழுந்து நின்று, நான் கண்டதையெல்லாம் வரிசையாகச் சொல்லிவிடுவது என்றும் தீர்மானித்திருந்தேன். வாக்கியங்களைக்கூட அமைத்து வைத்திருந்தேன். மகள் பெங்களூர் போயிருந்தாள்.

அவர் சாட்சி சொல்ல எழுந்தார்.

"ஒரு பிள்ளைக்காவ போன வாரம் மூணு நாளு முழங்கால்ல நின்னேன். கம்பெனிக்காரன் கதவ அடைக்கப் பாத்தான். லெட்டர இந்தக் கையிலதான் வச்சு ஜெபிச்சேன். கர்த்தர் தொறந்தாரு! இன்னைக்கு அந்தப் பிள்ள பெர்மனன்ட்டு. மலையில அஞ்சு வாரம் வச்சு அவளப் புடமிட்டுக் கொண்டாந்திருக்காரு." கண்கள் கலங்கியிருந்தன. அது நடிப்பில்லை என்பதை நான் உறுதியாகச் சொல்வேன். அவர் அதை நம்பினார். கூடத்தைச் சுற்றி வந்த பார்வை என்மேல் நின்றது. "இந்தா, தங்கச்சிக்காரி இருக்கா. எல்லாத்தையும் கூடயிருந்து பாத்தவ. உள்ளதா இல்லியாட்டி, சொல்லு."

முப்பது பேரும் திரும்பினார்கள். அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தாள். யோனாவும் பார்த்தார். அமைத்து வைத்திருந்த வாக்கியங்கள் அத்தனையும் எனக்கு அப்போது நினைவிலிருந்தன. முதல் சொல் நாக்கின் நுனிக்கே வந்திருந்தது.

"ஆமென்" என்றேன்.

குரல் நடுங்கவில்லை. தெளிவாக, எல்லோருக்கும் கேட்கும்படி, அழகாகவே வந்தது.